கிராஸ்ஃபேடரா, சேனல் ஃபேடரா? மண்டபத்தில் பாட்டு மாற்றுபவர் எதை நம்பலாம்

மணப்பெண் வாசலிலிருந்து மேடைக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். வீட்டார் விரும்பிக் கேட்டிருந்த பாட்டு, பல்லவி முடிந்து சரணத்தில் இறங்கிய நேரம். ஒலி அப்படியே நின்றுவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ராயக்கோட்டை சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. மடிக்கணினியில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாட்டுகளைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்ஸரில், அந்தப் பாட்டு ஓடும் பாதையான சேனலின் பச்சை விளக்குகள் துள்ளிக்கொண்டிருந்தன. ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன், ஒயரை அசைத்தேன், ஓடிப்போய் ஸ்பீக்கர் இணைப்பைத் தொட்டுப் பார்த்தேன். அரை நிமிடம் கழித்துத்தான் காரணம் கண்ணில் பட்டது. மாலைகள் வைத்திருந்த அட்டைப்பெட்டியை யாரோ மேசையில் என் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார்கள். பெட்டியின் விளிம்பு, மிக்ஸரின் முன் ஓரத்தில், எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கச் சேனலை மட்டும் ஒலிக்கவிடும் கிராஸ்ஃபேடரை இடது கோடியிலிருந்து வலது கோடிக்குத் தள்ளிவிட்டிருந்தது. வலது பக்கச் சேனலில் அப்போது பாட்டே இல்லை.

அன்றைக்கு அந்தப் பெண் பாட்டில்லாமலே மேடையேறினார். அந்த அரை நிமிடத்தை வீட்டார் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நெடுநாள் வரை யார் கேட்டாலும் ‘கிராஸ்ஃபேடரைத் தொடாதே’ என்றுதான் சொல்லிவந்தேன். இப்போது அப்படி ஒரே வார்த்தையில் சொல்வதில்லை. சென்ற மாதம் காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த ஒரு தம்பிக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான், இந்தக் கேள்விக்குள் எத்தனை கேள்விகள் இருக்கின்றன என்று எனக்கே தெளிவானது.

தம்பி, அப்பாவின் மைக் செட் தொழிலை எடுத்து நடத்துகிறார். குழாய் ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், சீரியல் விளக்கு எல்லாம் இருக்கின்றன. இப்போது வரவேற்பு வீடுகளில் டிஜேயும் சேர்த்துக் கேட்கிறார்களாம். “அண்ணா, கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு மிக்ஸர் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று இரண்டு சேனல். கிராஸ்ஃபேடர் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. இன்னொன்று நான்கு சேனல். ஹெட்போன் பகுதியில் குமிழ்கள் அதிகம், ஆனால் கிராஸ்ஃபேடர் சாதாரணமானது. எதை எடுக்கட்டும்?” என்றார்.

மிக்ஸரைப் பற்றிப் பேசுவதற்கு முன் கையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக மேலும் கீழும் ஓடும் சேனல் ஃபேடர் ஒரு வழி. இரண்டு பாட்டுக்கும் பொதுவாக இடமும் வலமும் ஓடும் கிராஸ்ஃபேடர் இன்னொரு வழி. இரண்டும் இருப்பதால் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று நினைத்துவிடுகிறோம். அவை பிறந்த இடங்களே வேறு.

நியூயார்க்கின் நடனக் கூடங்களில் 1970-களின் தொடக்கத்தில் பெயர் பெற்ற போசாக் மிக்ஸரில் கிராஸ்ஃபேடரே கிடையாது. ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு பெரிய வட்டக் குமிழ், அவ்வளவுதான். விடிய விடிய ஆடுகிறவர்களுக்கு இரண்டு பாட்டுகளை நிமிடக் கணக்கில் குழைத்துக் கொடுக்க அந்தக் குமிழ்களே போதுமானவையாக இருந்தன. அதே நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் வேறொரு பழக்கம் வளர்ந்தது. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரு பக்கமும் சுழலவிட்டு, தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிப் பகுதியை மாற்றி மாற்றி இழுத்து நீட்டினார்கள். அந்தக் கலையைக் கூர்தீட்டியவர்களில் முதன்மையானவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். மின்னணுவியல் படித்தவர் என்பதால், அடுத்த தட்டை ஹெட்போனில் மட்டும் முன்கூட்டிக் கேட்க ஒரு சுவிட்சைத் தானே மிக்ஸரில் பொருத்திக்கொண்டார். கிராஸ்ஃபேடர் வைத்த டிஜே மிக்ஸர்கள் 1970-களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வரத் தொடங்கின. நொடிக்குள் இந்தப் பக்கம், நொடிக்குள் அந்தப் பக்கம் என்று வெட்டுகிற கைக்கு அந்தக் குறுக்குப் பாதை பொருத்தமாக அமைந்தது. இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து ஓசை எழுப்பும் ஸ்கிராட்ச் செய்கிறவர்கள் அதை ஒரு வாத்தியமாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

ஆக, குழைக்கிற கைக்கு ஒன்று, வெட்டுகிற கைக்கு ஒன்று. நம் ஊர் மண்டபத்தில் நாம் செய்வது என்ன?

கிருஷ்ணகிரி வரவேற்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாலை ஏழு மணிக்கு மெல்லிசை. பெரியவர்கள் பழைய பாட்டுக் கேட்பார்கள். எட்டரைக்கு மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடைக்கு முன் வந்து குத்துப் பாட்டுக் கேட்பார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் ஒரே இரவில் வேண்டும்; உறவுக்காரர்கள் மூன்று மொழியிலும் இருப்பார்கள். இந்தப் பாட்டுகள் ஒன்றோடொன்று பொருந்த உண்டாக்கப்பட்டவை இல்லை. வெளிநாட்டு நடன இசையில் தொடக்கத்திலும் முடிவிலும் தாளம் மட்டும் ஒலிக்கும் நீண்ட பகுதி இருக்கும். குழைப்பதற்கென்றே விட்டுவைத்த இடம் அது. நம் திரைப்பாட்டில் பெரும்பாலும் முதல் சில நொடிகளிலேயே மெட்டு வந்துவிடும். பழைய பாட்டுகளோ வாத்தியக் குழு முழுவதும் ஒன்றாக அமர்ந்து வாசித்தவை. தாளம் இயல்பாகக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகரும். குத்துப் பாட்டில் பல, அடி மூன்றாகப் பிரியும் திஸ்ர நடையில் போகும், மற்றவை நான்காகப் பிரியும் சதுஸ்ரத்தில் போகும். வேகத்தைக் கணக்கிடும் மென்பொருள் திஸ்ர நடையில் தடுமாறி ஒன்றரை மடங்கு, அரை மடங்கு என்றெல்லாம் எண் காட்டும். அதை நம்பி, இரண்டு பாட்டின் வேகத்தையும் தானே பொருத்தும் ‘சிங்க்’ பொத்தானை அழுத்தினால் இரண்டு குதிரைகள் இரண்டு திசையில் இழுக்கும்.

எனவே நம் மண்டபங்களில் இரண்டு பாட்டும் சேர்ந்து ஒலிக்கும் நேரம் பெரும்பாலும் இரண்டு, மூன்று நொடிதான். அந்த மூன்று நொடியில் காதுக்கு நன்றாக இருப்பது எது என்று பல ஆண்டுகள் கவனித்திருக்கிறேன். புதிய பாட்டின் முதல் அடி முழு பலத்தோடு விழ வேண்டும். பழைய பாட்டின் வால் அதற்கு அடியில் மெல்லக் கரைய வேண்டும். ஏறுவது சட்டென்று, இறங்குவது நிதானமாக. இரண்டு சேனல் ஃபேடர் இருந்தால் இதைக் குழந்தைகூடச் செய்யும்: வலக்கையால் ஒன்றைத் தூக்கிவிட்டு, இடக்கையால் மற்றதை மூன்று எண்ணுவதற்குள் இறக்கினால் முடிந்தது. கிராஸ்ஃபேடரில் இது சுலபமாக வராது. ஒன்று எவ்வளவு ஏறுகிறதோ, அதோடு கட்டிப்போட்ட மாதிரி மற்றது இறங்கும். தராசுத் தட்டு போல.

தராசு எந்தக் கணக்கில் ஆடுகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். வாங்கப் போகிறவர் இதைத்தான் கடையில் சோதிக்க வேண்டும். கிராஸ்ஃபேடரை நகர்த்த நகர்த்த ஒலி எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத்தான் வளைவு என்பார்கள். அது நேர்கோட்டு வளைவில் இருந்தால், நடுவில் நிற்கும்போது இரண்டு பாட்டும் பாதி மின்னழுத்தத்தில், அதாவது 6 டெசிபல் குறைந்து ஒலிக்கும். தொடர்பில்லாத இரண்டு பாட்டு சேர்ந்தாலும் மொத்தம் 3 டெசிபல் குறைவுதான். ஆடுகிறவர்கள் காலுக்குக் கீழே ஒரு பள்ளம் வந்தது போல உணர்வார்கள். சம ஆற்றல் வளைவில் நடுவில் இரண்டும் 3 டெசிபல் மட்டுமே குறையும். சேர்ந்தால் அளவு மாறாது. கூர்மையான வளைவில் நடுவில் இரண்டுமே முழு அளவில் நிற்கும். சேர்ந்தால் 3 டெசிபல் கூடிவிடும். ஆம்ப்ளிஃபயர் ஏற்கெனவே விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தால் அந்த 3 டெசிபலில்தான் ஒலி கரகரக்கும், சிவப்பு விளக்கு எரியும். இந்த வளைவை மாற்றும் சிறிய சுவிட்சோ குமிழோ சில மிக்ஸரில் முன்முகப்பில் இருக்கும். மலிவான பலவற்றில் இருக்காது. இல்லாத மிக்ஸரை வாங்கினால், கம்பெனி வைத்த வளைவோடுதான் காலம் தள்ள வேண்டும்.

நம் வேலைக்கு நான் சேனல் ஃபேடர் பக்கம் நிற்பதற்கு இந்தக் கணக்கு பாதிக் காரணம். மறுபாதி, பழைய பாட்டும் புதிய பாட்டும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதில்லை என்பது. அறுபது, எழுபதுகளின் பாட்டு அடக்கமாக ஒலிக்கும். இன்றைய பாட்டு எடுத்த எடுப்பிலேயே கூரையைத் தொடும். சேனலின் மேலே இருக்கும் கெயின் குமிழால் முதலில் இரண்டையும் சமப்படுத்திவிட்டு, மீதியை ஃபேடரில் திருத்த வேண்டும். கிராஸ்ஃபேடரை மட்டும் நம்பியவர் இந்தத் திருத்தத்தைச் செய்ய எப்படியும் சேனல் ஃபேடருக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

அப்படியானால் கிராஸ்ஃபேடருக்கு நம் பக்கத்தில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவர்கள் கோயில் விழாக்களில் பம்பை மேளம் அடிக்கும் பம்பைக்காரர்கள். அரூர்ப் பக்கம் ஒரு அம்மன் கோயில் திருவிழாவில் பம்பைக் குழுவோடு சேர்ந்து பாட்டுப் போட வேண்டியிருந்தது. பாட்டு ஓடும்போது அவர்கள் கூடவே அடித்தார்கள்; ஓசை ஒன்றையொன்று விழுங்கியது. குழுவில் மூத்தவர் என்னைப் பார்த்துக் கையை வெட்டுவது போலக் காட்டினார். எனக்குப் புரிந்தது. பாட்டை ஒரு பக்கம் வைத்து, மறுபக்கச் சேனலைக் காலியாக விட்டு, வளைவைக் கூர்மையாக்கிக்கொண்டேன். பாட்டின் எட்டு அடி போனதும் கிராஸ்ஃபேடரைச் சுண்டினேன். பாட்டு வெட்டி நின்றது. அந்த இடைவெளியில் பம்பை எட்டு அடி பேசியது. திரும்பச் சுண்டினேன், பாட்டு, நடுவில் எதுவுமே நடக்காதது போலத் தாளம் தப்பாமல் வந்து சேர்ந்தது, ஏனென்றால் அது உள்ளே ஓடிக்கொண்டேதான் இருந்தது. கேள்வியும் பதிலுமாகக் கால் மணி நேரம் போனது. கூட்டம் நெருங்கி வந்து நின்றது. சேனல் ஃபேடரில் இதைச் செய்யப் பார்த்திருக்கிறேன். அதன் பாதை நீளம், நிறுத்தும் இடம் ஒவ்வொரு முறையும் சற்று மாறும், வெட்டு மழுங்கிவிடும். கிராஸ்ஃபேடருக்கு விரல் நகத்தளவு அசைவு போதும்.

ஸ்கிராட்ச் பழக ஆசைப்படும் இளைஞர்களுக்கும் இதே பதில்தான். ஓசூரில் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு முதல் தரக் கிராஸ்ஃபேடர் கட்டாயம் வேண்டும், மற்ற எதையும் விட்டுக்கொடுக்கலாம். ஒரு கையில் மைக் பிடித்துப் பேசிக்கொண்டே பாட்டு மாற்றுகிறவருக்கும் அது உதவும், இரண்டு ஃபேடரின் வேலையை ஒரு கை பார்த்துவிடும் என்பதால்.

தூசியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் எந்த மிக்ஸரையும் பரிந்துரைக்க முடியாது. கிரானைட் அறுக்கும் பட்டறைகளை ஒட்டிய சாலைகளில் சாமான் ஏற்றிப் போகிறோம்; மண் தரையில் பந்தல் போட்டு மேசை வைக்கிறோம். சாதாரண ஃபேடருக்குள் இருப்பது கார்பன் பூசிய ஒரு பாதையும் அதன்மேல் உராய்ந்து ஓடும் ஒரு சிறு உலோக நாக்கும்தான். இடையில் மண் துகள் புகுந்தால் நகர்த்தும்போதெல்லாம் ‘கரக்… கரக்’ என்று ஸ்பீக்கரில் கேட்கும். முற்றினால் ஒரு பக்கம் முழுவதும் மூடாமல் பாட்டு லேசாகக் கசியும். துரு எடுக்கும் எண்ணெயை அடித்துச் சரிசெய்யப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அது பாதையின் மசகை அடித்துக்கொண்டு போய்விடும், பிறகு தூசி இன்னும் நன்றாக ஒட்டும். ஃபேடருக்கென்று மசகோடு விற்கும் துப்புரவுத் திரவம்தான் போட வேண்டும். காந்தத்தாலோ ஒளியாலோ இடத்தை உணரும் உராய்வில்லாத கிராஸ்ஃபேடர்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, விலை கூடுதல்.

இங்கே கிராஸ்ஃபேடருக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். பல மிக்ஸர்களில் அதை மட்டும் இரண்டு, நான்கு திருகைக் கழற்றி எடுத்துப் புதிதாக மாட்டிக்கொள்ளலாம். அதிகம் அடிபடும் பகுதி என்று தெரிந்தே அப்படி அமைத்திருக்கிறார்கள். சேனல் ஃபேடர் அப்படிச் சுலபமாகக் கழலாது. பலகையை முழுவதும் பிரித்துப் பற்றவைக்க வேண்டியிருக்கும். தினமும் சேனல் ஃபேடரிலேயே வேலை செய்வேன் என்று முடிவெடுப்பவர், வேலை முடிந்ததும் மிக்ஸரைத் துணி போட்டு மூடும் பழக்கத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஹெட்போன். தம்பியின் கேள்வியில் இது ஓரமாக வந்தது. என் கணிப்பில் பணம் போக வேண்டிய இடமே இதுதான்.

ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு கியூ பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால், ஃபேடர் கீழே இறங்கி மூடியிருந்தாலும் அந்தச் சேனலின் பாட்டு ஹெட்போனில் கேட்கும். மண்டபத்துக்குத் தெரியாமல் அடுத்த பாட்டைத் தேடிப் பிடித்து, முதல் அடியில் நிறுத்தி வைப்பது இதனால்தான். பல மிக்ஸரில் கியூ அழுத்தியதும் அந்தச் சேனலின் அளவு மீட்டரிலும் தெரியும். கெயினைச் சமப்படுத்த வேண்டிய நேரம் அது. பக்கத்திலேயே ஹெட்போன் ஒலி அளவுக் குமிழ். கூடவே ‘கியூ–மாஸ்டர்’ என்று ஒரு கலவைக் குமிழ் இருந்தால், ஹெட்போனுக்குள் அடுத்த பாட்டு எவ்வளவு, இப்போது மண்டபத்தில் ஓடும் பாட்டு எவ்வளவு என்று நாமே கலந்துகொள்ளலாம். சிலவற்றில் ‘ஸ்பிளிட்’ சுவிட்சும் இருக்கும்: இடது காதில் அடுத்த பாட்டு, வலது காதில் மண்டபப் பாட்டு.

‘ஒரு காதில் ஹெட்போன், இன்னொரு காதில் மண்டபம், அதற்கு மேல் எதற்குக் குமிழ்’ என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் பழகினேன். அது சரியாக வேலை செய்யும் இடம் எது, தவறும் இடம் எது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். உங்கள் மேசையிலிருந்து ஸ்பீக்கர் 17 மீட்டர் தள்ளி இருந்தால், அதன் ஒலி உங்கள் காதுக்கு வர ஒரு நொடியில் 20-இல் ஒரு பங்கு ஆகும். நிமிடத்துக்கு 120 அடி போகும் பாட்டில் அடிக்கும் அடிக்கும் இடையே அரை நொடி. ஆக, நீங்கள் கேட்கும் மண்டபத் தாளம் ஒரு அடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வருகிறது. ஹெட்போனில் கேட்கும் பாட்டுக்கோ தாமதம் இல்லை. இரண்டையும் காதால் பொருத்தி, பொருந்திவிட்டது என்று ஃபேடரைத் தூக்கினால், கூட்டத்துக்கு அந்தப் பத்தில் ஒரு பங்கு பிசகு கேட்கும். ஆடுகிற கால் அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

திருவிழாத் தெருவில் நிலைமை இன்னும் மோசம். கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர் கட்டியிருப்போம். அருகில் இருப்பது ஒரு நேரத்திலும் தொலைவில் இருப்பது ஒரு நேரத்திலும் வந்து சேரும். எந்தத் தாளத்தை வைத்துப் பொருத்துவது? அங்கே இரண்டு காதையும் ஹெட்போனால் மூடிக்கொண்டு, கலவைக் குமிழை நடுவில் வைத்து, இரண்டு பாட்டையும் உள்ளேயே கேட்டு முடிவெடுப்பது ஒன்றுதான் நம்பகமான வழி. மண்டபத்துக்குள், மேசைக்குப் பக்கத்தில் முகத்தைப் பார்த்தபடி ஒரு சிறிய மானிட்டர் ஸ்பீக்கர் வைத்துக்கொள்ள முடிந்தால் ஒற்றைக் காது முறை போதும். ஒரு மீட்டர் தூரத்துக்குத் தாமதம் பெரிதாக எதுவும் இல்லை.

ஸ்பிளிட், கலவை இரண்டில் எது? புதிதாகப் பழகுகிறவருக்கு ஸ்பிளிட் என்பேன். இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று என்று பிரிந்து நிற்பதால் எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று குழப்பமில்லாமல் தெரியும். ஸ்டீரியோவின் அகலம் போய்விடும். பாட்டின் நயத்தைக் கேட்க அது ஏற்றதில்லை, வேலைக்கு ஏற்றது. ஆறு மாதம் பழகியபின் கலவைக் குமிழுக்கு மாறலாம். இரண்டு பாட்டும் ஒரே காதில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கேட்கும்போது, தாளம் பொருந்தியிருந்தாலும் சுருதி முட்டிக்கொள்கிறதா, இரண்டு பாட்டின் அடிநாதமும் மோதி மங்குகிறதா என்பதும் தெரியவரும். அடிநாதம் மோதினால் உள்ளே வரும் பாட்டின் பேஸ் குமிழைக் குறைத்து வைத்து, மாற்றும் கணத்தில் பழையதில் இறக்கிப் புதியதில் ஏற்ற வேண்டும். இதைக் கூட்டத்துக்கு முன்னால் கேட்டுத் திருத்துவதை விட ஹெட்போனில் கேட்டுத் திருத்துவது எவ்வளவோ மேல். ஸ்பிளிட்டில் இந்த மோதல் பாதிதான் புலப்படும்.

வீட்டில் பழகுவதற்கும் கலவைக் குமிழே துணை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி போடக் கூடாது. நம் ஊரில் பத்து மணிக்கு மேல்தான் நமக்குப் பயிற்சிக்கு நேரம் கிடைக்கும். ஸ்பீக்கரே இல்லாமல், ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய மொத்த ஒலியான மாஸ்டரை ஹெட்போனுக்குள் கொண்டுவந்து விடியும்வரை பழகலாம். பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கமும் கெடாது.

ஆனால் அந்த ஒலி அளவுக் குமிழில் கவனம் வேண்டும். இதை மனத்தாங்கலோடு சொல்கிறேன். மைக் செட் தொழிலில் என்னோடு வளர்ந்த ஒருவருக்கு இன்று வலது காதில் ஓயாத ரீங்காரம். அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரே மணி. வரவேற்பு நாலு மணி நேரம் நடக்கும். மண்டபச் சத்தத்தை மிஞ்ச வேண்டும் என்று ஹெட்போனை ஏற்றுவோம், காது மரத்துப்போகும், மறுபடி ஏற்றுவோம். இதற்கு ஒரே மாற்று, வெளிச்சத்தத்தைத் தடுக்கும் மூடிய வகை ஹெட்போன். வெளியே எவ்வளவு அடைக்கிறதோ, உள்ளே அவ்வளவு குறைத்துக் கேட்கலாம். வாரக் கணக்கில் தொடர்ந்து முகூர்த்தம் இருக்கும் மாதங்களில் நான் திறந்த காதில் பஞ்சு போன்ற காதடைப்பானும் வைத்துக்கொள்கிறேன்.

ஹெட்போன் தேர்வில் இன்னும் இரண்டே இரண்டு சொல்ல வேண்டும். ப்ளூடூத் வேண்டாம். பலவற்றில் ஒலி வந்து சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ஆகும். மேலே சொன்ன தாமதக் கணக்கை நாமே விலைகொடுத்துத் தலையில் மாட்டிக்கொள்வது போல ஆகிவிடும். அடுத்து, ஒயரும் காது மெத்தையும் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். சென்ஹைசர் எச்டி 25 என்ற மாடல் 1988-இல் வந்தது, இன்றும் உலகெங்கும் டிஜேக்கள் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள். எடை 140 கிராம். ஏறக்குறைய ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே வாங்கி மாட்டலாம். அதையே வாங்க வேண்டும் என்பதில்லை. அந்தக் குணம் உள்ளதாக இருந்தால் போதும். நம் வேலையில் முதலில் அறுவது ஒயர்தான், நாற்காலிக் கால் ஏறி.

இவ்வளவையும் தம்பியிடம் சொல்லிவிட்டு, அவர் பார்த்து வைத்திருந்த இரண்டுக்கும் வந்தேன். இரண்டு சேனல் மிக்ஸரின் கிராஸ்ஃபேடர் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் அதில் கலவைக் குமிழ் இல்லை, ஸ்பிளிட்டும் இல்லை. கியூவுக்கு ஒரு பொத்தான், அளவுக்கு ஒரு குமிழ், அவ்வளவே. வரவேற்பில் மடிக்கணினி இரண்டு சேனலை எடுத்துக்கொள்ளும். மூன்றாவதாகக் கச்சேரிக் குழுவோ, நண்பர்கள் நீட்டும் கைப்பேசியோ வந்தால் இணைக்க இடமில்லை. நான்கு சேனலில் கிராஸ்ஃபேடர் சாதாரணம் என்றாலும், ஒவ்வொரு சேனலுக்கும், அது கிராஸ்ஃபேடரின் எந்தப் பக்கம் என்று தேர்ந்தெடுக்க ‘ஏ, த்ரூ, பி’ என்று ஒரு சுவிட்ச் இருந்தது. எல்லாவற்றையும் த்ரூவில் வைத்தால் கிராஸ்ஃபேடர் எந்தச் சேனலையும் தொடாது. மாலைப் பெட்டி வந்து இடித்தாலும் மணப்பெண்ணின் பாட்டு நிற்காது. என் ராயக்கோட்டை சாலை இரவில் அந்தச் சுவிட்ச் எனக்கு இருந்திருக்க வேண்டும்.

“அப்படியானால் நான்கு சேனல்தானா அண்ணா? பம்பை வேலை வந்தால்?” என்று கேட்டார். சரியான கேள்வி. ஸ்கிராட்ச் அளவுக்கு நுணுக்கம் வேண்டாத எட்டு அடி வெட்டுக்குச் சாதாரணக் கிராஸ்ஃபேடரே தாங்கும், வளைவு மட்டும் கூர்மையாக இருக்க வேண்டும். அந்த மிக்ஸரில் வளைவுச் சுவிட்ச் இருக்கிறதா என்று கடையில் போய்ப் பார்த்துவிட்டு வாங்கச் சொன்னேன். ஓரத்திலிருந்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நகர்த்தியதும் பாட்டு முழு அளவில் திறந்தால் போதும்; பாதி தூரம் போனபின்தான் திறக்கிறது என்றால் எடுக்க வேண்டாம் என்றேன்.

வளைவுச் சுவிட்ச் இருந்தது. வாங்கிவிட்டார். மீந்த பணத்தில் மூடிய வகை ஹெட்போன் ஒன்றும் எடுத்திருக்கிறார். முதல் வாரம் கிராஸ்ஃபேடரை நடுவில் நிறுத்தி மேலே டேப் ஒட்டிவிட்டு, பாட்டு மந்தமாக ஒலிக்கிறது என்று தொலைபேசியில் அழைத்தார். சேனல்கள் இன்னும் ஏயிலும் பியிலும் இருந்தன, வளைவு மென்மையில், அதாவது சம ஆற்றலில் இருந்தது. நடுவில் நின்ற கிராஸ்ஃபேடர் இரண்டு பாட்டிலும் 3 டெசிபலைத் தின்றுகொண்டிருந்தது. த்ரூவுக்கு மாற்றச் சொன்னேன், சரியானது. டேப் அப்படியே இருக்கட்டும், ஆடியில் கோயில் வேலை வரும்போது பம்பைக் குழுவோடு ஒரு மாலை முழுவதும் ஒத்திகை பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம்.